சாளரத்தின் பின்னே ஒரு படுதா

நமது சங்கத்தின் குடும்பப் பதிவேட்டைப் புத்தகத்திலிருந்து கணிப்பொறிக்கு மாற்றுவதென்று காரியக் கமிட்டியார் தீர்மானித்தபோது அதனை மறுத்தவர் எவருமில்லை. பழைய பதிவேட்டைக் கையால் தொட்டவர்கள் காரணம் அறிவார்கள். சிவப்புத் துணி அட்டை. மூன்று முறை தைத்தும் முதுகு விட்டுப்போன கட்டு. மழைக்காலத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் ஏடுகள். பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் ஆகிய ஊர்களில் குடியேறி வாழும் நம்மவர் குடும்பங்கள் அனைத்தும் அப்புத்தகத்தில் அடங்கியிருந்தன. எந்த ஊரிலிருந்து வந்தவர், எத்தனை பிள்ளைகள், எந்த வகுப்பு, தமிழ் வழியில் படிக்க விருப்பமுண்டா என்பன போன்ற விவரங்களுக்கெல்லாம் அதில் கட்டங்கள் உண்டு.

இக்கடைசிக் கட்டம் அற்பமானதன்று. தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்கு மொழிச் சிறுபான்மையினரின் குழந்தைகளுக்குப் போதிய வசதி செய்ய ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-அ பிரிவு கூறுகிறது. 1956ஆம் ஆண்டில் ஏழாவது திருத்தத்தினால் சேர்க்கப்பட்ட பிரிவு அது. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. ஆயினும், தமிழ் வகுப்பு வேண்டுமென்று கேட்கப் போகுமிடத்தில், பிள்ளைகள் எங்கே என்றுதான் முதலில் வினவுவார்கள். அப்போது நம் கையில் இருக்கவேண்டியது அப்பெயர்ப் பட்டியல்.

புதிய பதிவேட்டை ஆக்கித் தந்தவர் நம் உறுப்பினர் ஒருவரின் மகன். கல்லூரியில் பயிலும் வாலிபர். ஊதியம் வாங்காது, பைத்தான் என்னும் கணிப்பொறி மொழியில் தாமே எழுதினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கக் கட்டடத்தில் அதைத் திறந்து காட்டினார். திரையில் ஒரு சாளரம் விரிந்தது. அதன் பின்புலத்தில் மேலே நீல வானம், நடுவில் நெய்யாறு, கீழே ஈரம் பளபளக்கும் வாழைத் தோப்பு. அப்படத்தின் மீதே நம் பெயர்கள் வரிசையாக மிதந்தன. முதியவர்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தனர். "நம்ம ஆறுதானே!" என்று ஒருவர் வியந்தார். யானும் கைதட்டினேன். பின்னர் நேர்ந்த பிழையில் என் பங்கு பெரிதாதலால் இதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

சாளரத்தின் பின்னே ஒரு படத்தை நிறுத்துவது வெளிப்பார்வைக்கு எளிய வேலை. அதிலுள்ள தொல்லைகளை அவ்வாலிபர் பிறகு எனக்கு விளக்கினார். நாடகம் பார்த்த நமக்கு அது விளங்காத பொருளன்று. மேடையில் முதலில் பின்படுதாவைத் தொங்கவிடுவார்கள்; அதற்கு முன்னே சிம்மாசனம்; அதற்கும் முன்னே ராஜபார்ட். கணிப்பொறியும் அவ்வாறே பின்னாலிருந்து முன்னால் எழுதிக்கொண்டு வருகிறது. முதலில் படம், பிறகு கட்டம், பிறகு எழுத்து. முறை மாறினால் படுதா ராஜாவை மறைத்துவிடும்.

முதல் தொல்லை, படமே காணாமற் போனது. சாளரம் திறந்தது, படம் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது, பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. இரண்டு இரவு தூக்கம் கெட்டதாம். பைத்தானில் ஒரு பொருளை யாரேனும் ஒருவர் பெயர் சொல்லிப் பிடித்துக்கொண்டிருக்கும் வரையில்தான் அது நினைவகத்தில் தங்கும். பிடிப்பவர் இல்லையென்றால் குப்பையெனக் கருதி அகற்றிவிடும். படத்தை ஏற்றிய சிறு பகுதி தன் வேலையை முடித்துக்கொண்டு வெளியேறியவுடன் படத்துக்கு உரியவர் இல்லாமற் போயிற்று, படமும் போயிற்று. இதைக் கேட்டபோது எனக்குப் பார்சல் ஆபீஸ் நினைவு வந்தது. ரசீதோடு ஒருவர் வரும்வரையில்தான் மூட்டைக்கு மரியாதை. உரிமை கோருவார் இல்லாத மூட்டை நாளடைவில் ஏலத்துக்குப் போகும். சாளரம் உள்ளவரை படத்தின் ரசீதைச் சாளரத்தின் கையிலேயே கொடுத்து வைத்தார், படம் நிலைத்தது.

இரண்டாவது, அளவு. கைப்பேசியில் எடுத்த படம் பெரும்பாலும் நாலுக்கு மூன்று என்னும் விகிதத்தில் இருக்கும். இக்காலத்துத் திரையோ பதினாறுக்கு ஒன்பது. ஒன்றை மற்றொன்றில் அப்படியே இழுத்துப் பொருத்தினால் அகலம் மூன்றில் ஒரு பங்கு மிகுந்துவிடும். ஒல்லியான மனிதரும் அரிசி ஆலை முதலாளிபோல் ஆகிவிடுவார். இழுக்காமல் அகலத்துக்குப் பொருத்தினால் உயரத்தில் கால் பங்கை வெட்டவேண்டும். கோபுரத்தின் கலசமோ, நிற்பவரின் பாதமோ போய்விடும். வெட்டவும் மனமில்லையென்றால் இரு பக்கமும் வெற்றிடம் விடவேண்டும். இம்மூன்றையன்றி வேறு வழி கிடையாது.

எடையும் உண்டு. திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 படப்புள்ளிகள் என்றால் மொத்தம் இருபது லட்சத்து எழுபத்து மூவாயிரத்துக்கு மேல். புள்ளி ஒன்றுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் வேண்டும். ஆக அறுபத்திரண்டு லட்சம் பைட்டு. வட்டில் சுருங்கிக் கிடக்கும் படம் சிறியதாகத் தோன்றினாலும், விரித்துக் காட்டும்போது இவ்வளவு இடத்தை அது பிடித்தே தீரும். கைப்பேசிப் படத்தைச் சுருக்காமல் 4000க்கு 3000 என்ற முழு அளவிலேயே ஏற்றினால் மூன்று கோடியே அறுபது லட்சம். சங்கத்திலுள்ள பழைய கணிப்பொறி ஏன் மூச்சு வாங்கிற்று என்பது அப்போது புரிந்தது.

இவையெல்லாம் தீர்ந்துவிட்டன. தீராதது எழுத்தின் தொல்லை.

அவ்வாலிபர் கையாண்ட டிகே என்னும் சாளரக் கருவியில், பெயர் எழுதும் சீட்டு ஒவ்வொன்றும் தன் சொந்தக் காகிதத்தோடுதான் வரும். படத்தின் மேல் அதை வைத்தால் எழுத்தைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு சதுரம் படத்தை மறைத்துக்கொண்டு நிற்கும். நெய்யாற்றின் மேல் ஒட்டுத்துணி தைத்ததுபோல் இருந்ததாம். அழகை விரும்பிய பிள்ளை அச்சீட்டுகளை நீக்கிவிட்டு, ஓவியப் பலகை போன்ற வேறொரு பகுதியில் எழுத்துகளைப் படத்தின் மீதே நேராக எழுதிவிட்டார். சாம்பல் சதுரங்கள் மறைந்தன. நாங்கள் கைதட்டியது இந்த வேலைக்குத்தான். எழுத்துக்கு அரணாக இருந்தவை அச்சதுரங்களே என்பதை அன்று எங்களில் எவரும் உணரவில்லை.

தமிழ் வழி விரும்பும் பிள்ளைகளின் பெயருக்கு நேரே கரும்பச்சையில் ஒரு சரிக்குறி இருக்கும். மேல் வரிசைகளில் பின்னே வானம். குறி பளிச்சென்று தெரிந்தது. கீழ் வரிசைகளில் பின்னே வாழையிலை. பச்சையின் மேல் பச்சை. மனுவுக்குரிய பட்டியலை நான் திரையைப் பார்த்துப் படிக்க, நண்பர் ஒருவர் படிவத்தில் எழுதினார். குறி தெரிந்த பெயர்களைப் படித்தேன், தெரியாதவற்றைத் தாண்டினேன். நாள் முழுதும் கட்டமும் எண்ணும் பார்த்துப் பிழைக்கும் குமாஸ்தா நான். கட்டம் காலியாக இருக்கிறதென்றே நம்பினேன். பதினொரு பிள்ளைகள் விடுபட்டனர். மனு போய்விட்டது.

கண்டுபிடித்தவர் பாலராமபுரத்துப் பாட்டி ஒருவர். பேத்தியின் பெயரைக் காட்டுமாறு கேட்டு வந்தார். பெயர் இருந்தது, குறி இல்லை. "நான்தானே வந்து சொன்னேன்" என்றார். "இதில் இல்லையே, பாட்டி" என்று சற்று மிடுக்காகவே விடையளித்தேன். பட்டியலை மேலே நகர்த்தியபோது அப்பெயர் தோப்பைக் கடந்து, ஆற்றைக் கடந்து, வானத்தில் ஏறிற்று. ஏறியதும் சரிக்குறி நட்சத்திரம்போல் வெளிப்பட்டது. அந்தக் கணத்தில் எனக்கு வியர்த்தது.

எழுத்துக்கும் அதன் பின்புலத்துக்குமிடையே ஒளியில் எவ்வளவு வேறுபாடு வேண்டுமென்பதற்கு உலக அளவில் ஒரு கணக்கே வகுத்திருக்கிறார்கள். வலைப்பக்கங்களுக்கான விதிகளை ஆக்கும் உலகளாவிய வலைச் சங்கத்தார் 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறையில், சாதாரண அளவு எழுத்துக்கு நாலரைக்கு ஒன்றும், பெரிய எழுத்துக்கு மூன்றுக்கு ஒன்றும் குறைந்தபட்சம் என விதித்தனர். வெள்ளையில் கறுப்பு எழுதினால் இருபத்தொன்றுக்கு ஒன்று, அதுவே உச்சம். கரும்பச்சை வாழையிலையின் மேல் கரும்பச்சைக் குறியோ ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று. ஒரே படத்தில் வானமும் தோப்பும் இருந்தால் வேறுபாடு வரிக்கு வரி மாறும் என்பதே இதிலுள்ள சூழ்ச்சி. முதல் வரியைப் பார்த்து நன்றாயிருக்கிறதென்று சொல்பவர் கடைசி வரியைப் பார்ப்பதில்லை. மேலும் நம் தமிழெழுத்தில் மெய்யின் தலையிலுள்ள புள்ளி மிகச் சிறியது. இலை நரம்பிலோ நீரின் மினுக்கத்திலோ அது எளிதில் மறையும்.

பின்புலத்தின் மோகம் நமக்குப் புதிதன்று. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் கொண்டையராஜுவை அறிந்திருக்கும். 1898இல் பிறந்து 1976இல் மறைந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர்; ஊர் ஊராகச் சென்ற நாடகக் குழுவொன்றுக்குப் படுதா எழுதி வந்தார். அக்குழு கலைந்தபின் கோவில்பட்டியிலேயே தங்கி, தேவி ஆர்ட் ஸ்டுடியோவை நடத்தினார். அவரும் அவருடைய மாணவர்களும் எழுதிய தெய்வப் படங்களே சிவகாசியில் காலண்டர்களாக அச்சாகி நம் வீட்டுச் சுவர்களுக்கு வந்தன. லட்சுமிக்குப் பின்னே தாமரைத் தடாகமும், முருகனுக்குப் பின்னே மலையும் படுதா எழுதிப் பழகிய கையின் வேலை. அக்காலத்துப் போட்டோ ஸ்டுடியோக்களிலும் இதே கலைதான். தூண், மாடிப்படி, திரைச்சீலை, தூரத்தில் ஒரு ஏரி. ஓலை வீட்டில் வாழ்ந்தவரும் ஐந்து நிமிடம் அரண்மனையில் நிற்கலாம். அப்படத்தை ஊருக்கு அனுப்பினால் போன இடத்தில் பிள்ளை நன்றாயிருக்கிறான் என்று தாய் நம்புவாள். அதை ஏளனம் செய்ய எனக்கு மனம் வராது.

ஆனால் அதே ஸ்டுடியோக்காரரிடம் பாஸ்போர்ட்டுக்கு வேண்டுமென்று சொன்னால், அரண்மனையைச் சுருட்டிவிட்டு வெள்ளைத் துணியைத் தொங்கவிடுவார். அங்கே முகம்தான் வேண்டும். நினைவுக்கு ஒரு படுதா. சாட்சிக்கு ஒரு படுதா. நாங்கள் சாட்சிக்குரிய ஏட்டின் பின்னே நினைவுக்குரிய படுதாவைத் தொங்கவிட்டுவிட்டோம்.

கணிப்பொறியின் பின்புலப் படங்களிலே பெரும் புகழ் பெற்றது, 2001இல் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி என்பதில் இருந்த பச்சைக் குன்றும் நீல வானமும். அதனை நம்மில் பலர் ஏதோ கற்பனைச் சித்திரமென்றே எண்ணியிருந்தோம். சார்லஸ் ஓரியர் என்பவர் 1996ஆம் ஆண்டு ஜனவரியில் கலிபோர்னியாவின் சொனோமா வட்டாரத்தில் சாலையோரம் நின்று எடுத்த உண்மைப் படம் அது. அக்குன்று திராட்சை விளையும் பூமி. வேரைத் தின்னும் பூச்சி தாக்கியதனால் கொடிகளைப் பிடுங்கி எறிந்திருந்தார்கள். அந்த இடைக்காலத்தில் முளைத்த புல்லே அப்பசுமை. பின்னர் மீண்டும் திராட்சை வைத்துவிட்டனர். உழவனுக்கு வந்த நஷ்டம் உலகத்துக்கெல்லாம் அழகிய படுதாவாயிற்று. குன்றில் ஒன்றுமே இல்லாததனால்தான் அதன் மேல் வைத்த சிறு படங்களும் பெயர்களும் தெளிவாகத் தெரிந்தன. அப்படிப்பட்ட வெற்றிடத்துக்கு நம் பக்கத்தில் எங்கே போவது? 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி திருவனந்தபுரம் மாவட்டத்தில் சதுர கிலோமீட்டருக்கு 1508 பேர். எந்தப் பக்கம் காமிராவைத் திருப்பினாலும் ரப்பர் மரமோ, வாழையோ, அடுத்த வீட்டின் கூரையோ வந்து விழுகிறது.

பிழை வெளியானதும் கமிட்டி கூடிற்று. படத்தை மாற்றுவோம் என்றனர். உடனே எந்தப் படம் என்னும் கேள்வி எழுந்தது. கன்னியாகுமரியிலிருந்து வந்த ஒருவர், 2000ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் திறந்த 133 அடி வள்ளுவர் சிலையைத் தவிர வேறெதுவும் கூடாதென்றார். மார்த்தாண்டத்துக்காரர் மாத்தூர்த் தொட்டிப் பாலத்தைச் சொன்னார். இங்கேயே பிறந்து வளர்ந்த இளைஞர் ஒருவர், நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயில் வளாகத்தில், மார்த்தாண்டவர்மர் ஒளிந்திருந்ததாகச் சொல்லும் அம்மச்சிப் பலாவைக் காட்டினார். "அது அவர்களுடைய கதை" என்று ஒரு குரல். "நான் பிறந்த ஊர்க்கதை எனக்கு அயலாகுமா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். குரல்கள் உயர்ந்தன. எல்லை பிரித்து இத்தனை ஆண்டுகள் கழித்தும் ஒரு பின்புலப் படம் இவ்வளவு கிளறுமென்று எதிர்பார்க்கவில்லை. ஆற்றின் படமே இருக்கட்டும், வெண்மையைக் கலந்து மங்கலாக்குவோம் என்று வாலிபர் சமாதானம் சொன்னார். கலந்தும் காட்டினார். பாதி கலந்தால் எழுத்து இன்னும் தடுமாறிற்று. முக்காலுக்கு மேல் கலந்தால் நெய்யாற்றில் மார்கழிப் பனி இறங்கியதுபோல் ஆகி, ஆறும் தெரியவில்லை.

அந்தப் பாட்டி அன்றும் வந்திருந்தார். பேத்தியின் பெயர் சேர்ந்ததா என்று பார்த்துப் போகவே வந்தவர். பாலராமவர்மர் ஆண்ட காலத்தில், 1798க்கும் 1810க்கும் இடையே, தமிழ்ப் பகுதிகளிலிருந்து அழைத்து வந்து குடியமர்த்திய சாலியர் நெசவாளர் மரபில் வந்தவர். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் வந்தவர்களையும் சென்ற ஆண்டு வந்தவர்களையும் ஒரே பதிவேட்டில் எழுதுகிறோம். அது நம் சங்கத்தின் வழக்கம். சச்சரவை வெகுநேரம் கேட்டிருந்தவர் வாலிபரை அழைத்தார்.

"மக்களே, இதிலே என்ன இவ்வளவு குழப்பம்? முண்டிலே உடல் முழுக்கப் பூப் போட்டால் கரைக்கு என்ன மதிப்பு? உடல் வெறுமையாய் இருந்தால்தான் கசவு தெரியும்."

பாலராமபுரத்துத் துணியைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வெளுக்காத நூலின் சந்தன நிறம். ஓரத்தில் ஒரு விரல் பொன். பதிவேட்டுச் சாளரம் இப்போது அவ்வாறே இருக்கிறது. உடல் முழுதும் வெளுக்காத பருத்தியின் நிறம், எழுத்து கறுப்பு, ஓரத்தில் மெல்லிய பொற்கோடு. சரிக்குறிக்குப் பதிலாக "ஆம்", "இல்லை" என்று எழுத்தாலேயே எழுதுகிறோம். காலிக் கட்டத்தை இனி எவரும் "இல்லை" என்று கொள்ள முடியாது. பழைய கணிப்பொறியும் மூச்சு வாங்குவதில்லை. படங்களை அறவே தள்ளிவிடவில்லை. சாளரம் திறக்கும் முதற் பக்கத்தில், எழுத்தே இல்லாத இடத்தில், மாதம் ஒரு குடும்பம் தரும் படத்தை முழு அளவில் வைப்பதென்று முடிவாயிற்று. வள்ளுவருக்கும் பலாவுக்கும் பாலத்துக்கும் முறை வரும்.

விடுபட்ட பதினொரு பெயர்களையும் சேர்த்துத் துணை மனு ஒன்று எழுதினோம். இம்முறை நான் படிக்க, வேறொருவர் எழுத, மூன்றாமவர் பழைய சிவப்புப் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒப்பிட்டார். மனுவை நேரில் கொடுத்துக் கைச்சாத்து வாங்கி வந்தோம். முடிவு இன்னும் வரவில்லை.

முதற் பக்கத்துக்கான முதல் படம் பாட்டியின் வீட்டிலிருந்து வந்தது. அவருடைய மாமியாரும் மாமனாரும் திருமணமான புதிதில் ஸ்டுடியோவில் நின்று எடுத்துக்கொண்டது. பின்னே அரண்மனைத் தூண்கள், பளிங்குப் படிக்கட்டு, அன்னம் நீந்தும் ஏரி. காகிதம் பழுத்து ஓரம் உதிர்ந்திருக்கிறது. வாலிபர் அதைப் பெரிதாக்கிக் காட்டியபோதுதான் கவனித்தோம்: படுதாவின் கீழ் ஓரம் காற்றில் சற்றே மடங்கியிருக்கிறது; அந்த இடைவெளியில் சாணம் மெழுகிய தரையும், யாரோ கழற்றி வைத்த ஒரு ஜோடிச் செருப்பும் தெரிகின்றன. அதை வெட்டிவிடலாமா என்று அவர் கேட்டார். வேண்டாமென்று பாட்டி சொல்லிவிட்டார்.